மதராஸ் என்று விற்றால் மதராஸாக இருக்கட்டும்: குவாதலூப் தீவுக்கு ஒரு திறந்த மடல்

குவாதலூப் தீவின் சுற்றுலாவுக்கும் வணிகத்துக்கும் பொறுப்பானவர்களுக்கு,

வணக்கம். கரீபியன் கடலில் இருக்கும் உங்கள் பிரெஞ்சுத் தீவில் விடுமுறையைக் கழித்துவிட்டு பாரிஸ் திரும்பிய கையோடு இதை எழுதுகிறேன். கடல், மலை, மக்கள் எதிலும் எனக்குக் குறையில்லை. புவாந்த்-ஆ-பித்ர் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கடையில் 'மதராஸ்' என்று சொல்லி என்னிடம் விற்ற துணியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. மதராஸ் என்றால் சாயம் தோய்த்த நூலில் கட்டம் போட்டு நெய்த பருத்தித் துணி. மதராஸ் என்று விற்கும் ஒவ்வொரு துணியிலும் அது என்ன நூல், நெய்ததா அச்சடித்ததா, எங்கே செய்தது என்று ஒரு சீட்டு இருக்கும்படி செய்யுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்ட மேசை விரிப்பு அது. பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்தார்கள். வாங்கும் முன் பிரித்துக் காட்ட முடியாது என்றார்கள். உறையின் மேல் செம்பருத்திப் படத்தோடு 'குவாதலூப் நினைவாக' என்ற ஒட்டுச்சீட்டு மட்டும். வீட்டுக்கு வந்து பிரித்தால் பின்பக்கம் வெளுத்துக் கிடக்கிறது. என் அம்மா வீடு குறிஞ்சிப்பாடி. கைலி நெய்கிற ஊர். சாயம் தோய்த்த நூலை நீளப் பாவிலும் குறுக்கு ஊடையிலும் வைத்து நெய்த கட்டத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற பேதமே கிடையாது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சந்தேகம் தீர, ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தி எரிந்தால் சாம்பல் உதிரும். இது உருகிச் சுருண்டு கருப்பு மணியாக இறுகிப்போனது. பாலியஸ்டர். கட்டமெல்லாம் மேலே அடித்த அச்சு.

போன பணத்தை விடுங்கள். ஊரில் இருக்கும் என் ஆயாவுக்கு, பாட்டிக்கு, அனுப்பத்தான் அதை வாங்கினேன். காலமெல்லாம் தறிக்கு நூல் தார் சுற்றிக் கை காய்த்துப்போனவர். "நம்ம பக்கத்துத் துணியைத் தலையில கட்டிக்கிட்டு அங்க ஒரு சனமே நடமாடுதாம்" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அவர் கையில் இதை எப்படிக் கொடுப்பது?

இந்தத் துணி வந்த கதை உங்களுக்குத் தெரியாததில்லை. சென்னையைச் சுற்றியிருந்த தறிகளில் நெய்த சதுரத் துணிகள் 18-ஆம் நூற்றாண்டிலேயே கப்பலேறி உங்கள் தீவுகளுக்கு வந்துவிட்டன. எங்கள் கரையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆட்கள் வந்து இறங்கியது அதற்கு அப்புறம்தான், 1854 டிசம்பரில், 'ஒரெலி' கப்பலில். அடிமைத்தனத்தில் பிழைத்த பெண்களும் அவர்கள் பேத்திகளும் அந்தத் துணியைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். தலைக்கட்டில் ஒரு முனை நிமிர்ந்தால் மனதை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை, இரண்டு என்றால் பேசி முடித்தாயிற்று, மூன்று என்றால் கல்யாணமானவள் என்று அதில் ஒரு பேச்சையே வைத்தார்கள். ஆகஸ்டு மாதம் சமையல்காரப் பெண்களின் திருவிழாவில் அந்த உடையோடுதான் அவர்கள் ஊர்வலம் போகிறார்கள். அதைப் பார்க்கத்தானே எங்களைப் போன்றவர்களை அழைக்கிறீர்கள்?

சரி, ஏமாந்த பயணி எப்படியும் ஊருக்குப் போய்விடுவாள். அங்கேயே இருந்து பிழைக்க வேண்டியவர்களின் பாடுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சந்தைப் பக்கம் ஒரு தையல்கார அம்மாவைப் பார்த்தேன். இந்தியாவிலிருந்து வரும் பருத்தி மதராஸில் பிள்ளைகளுக்குப் பாவாடையும் பொம்மைகளுக்கு உடையும் தைக்கிறார். தையல் வருகிற இடத்தில் இரண்டு பக்கத்துக் கட்டமும் கோடு தப்பாமல் சேர வேண்டும் என்று ஊசி குத்தி, பிரித்து, மறுபடி குத்திக்கொண்டிருந்தார். ஒரு பாவாடைக்கு முக்கால் நாள் போய்விடுமாம். பக்கத்துக் கடையில் அச்சுத் துணிப் பாவாடை அவர் விலையில் பாதிக்கும் குறைவு. சுற்றுலாக் கப்பலில் வருகிறவர்களுக்குக் கரையில் கிடைப்பது சில மணி நேரம். இரண்டையும் தொட்டுப் பார்க்கிறார்கள், விலையைப் பார்க்கிறார்கள், மலிவானதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். "என்னுடையது அசல் மதராஸ் என்று நான் சொன்னால், அவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். என் பேச்சை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?" என்றார். அவர் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறது. ஒரு சின்னச் சீட்டு.

சட்டம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. குவாதலூப் 1946 முதல் பிரான்சின் மாவட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் அங்கேயும் செல்லும். துணியில் என்ன இழை என்று எழுதியே விற்க வேண்டும் என்கிறது 2011-ஆம் ஆண்டின் 1007-ஆம் எண் ஒழுங்குமுறை. பொம்மைகளுக்கு அதில் விலக்கு உண்டு. மேசை விரிப்புக்கும் பாவாடைக்கும் இல்லை. நெய்ததா அச்சடித்ததா, எங்கே செய்தது என்ற இரண்டையும் அந்தச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. அதனால்தான் அவற்றை நான் தனியாகக் கேட்கிறேன்.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. உள்ளூர் உற்பத்தியைக் காப்பாற்ற என்று கடல்வழி வரும் பொருள்களுக்கு 'ஒக்த்ருவா தெ மேர்' வரி வாங்குகிறீர்கள். அந்த அம்மா வாங்கும் துணியும் நூலும் பொத்தானும்கூடக் கப்பலில்தான் வருகின்றன. வாழ்க்கைச் செலவு தாங்காமல் 2009-இல் 44 நாள் தீவே வேலைநிறுத்தம் செய்தது. அப்படிப்பட்ட ஊரில், கையால் உழைப்பவருக்குச் செலவில்லாமல் செய்யக்கூடிய இந்த ஒரு உதவி ஏன் இன்னும் நடக்கவில்லை? கடற்கரையில் லம்பி சங்கு விற்கும் இடத்திலும் இதே மௌனம்தான். 1992 முதல் அது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் ஆளுக்கு மூன்று சங்குக்கு மேல் வேறு நாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கை நிறைய வாங்கிக்கொண்டு கப்பலேறியவர்களிடம் யாரும் அதைச் சொல்லக் காணோம்.

ஆனால் உங்கள் ஊரிலேயே ஒழுங்காக விற்பவர்களும் இருக்கிறார்கள். சேந்த் அந்துவான் சந்தையில் 'கொழும்பு' என்று அங்கே சொல்லும் மசாலாப் பொடி வாங்கினேன். கடைக்கார அம்மா மூடியைத் திறந்து முகரச் சொன்னார். மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், கடுகு, வறுத்த அரிசி என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார். எது காரம், எது எத்தனை மாதம் தாங்கும் என்பதெல்லாம் கேட்காமலே வந்தது. மசாலாவுக்கு இருக்கும் இந்த நேர்மை துணிக்கும் வேண்டும்.

கப்பல்கள் அதிகம் வரும் பருவம் நவம்பர் வாக்கில் தொடங்கிவிடும். அதற்குள் துறைமுகத்தை ஒட்டிய கடைகளிலாவது இதைத் தொடங்குங்கள்: என்ன நூல், நெய்ததா அச்சடித்ததா, எங்கே செய்தது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மூன்று வரி போதும். அச்சுத் துணி விற்கக் கூடாது என்று நான் கேட்கவில்லை. மலிவானதை விரும்புகிறவர் தெரிந்தே வாங்கட்டும். உறையைப் பிரித்துக் காட்ட மறுக்கும் கடைகளுக்கு ஒரு முறை ஆள் அனுப்பிப் பாருங்கள். தயவுசெய்து இந்தப் பருவத்துக்குள் செய்யுங்கள்.

நன்றியுடன்,
பாரிஸ் புறநகரில் வாழும் ஒரு புதுச்சேரிப் பெண்