கூடை தைக்கிறவங்க நிலத்துக்கு பேப்பர் சரி பண்ண கை குடுங்க

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவுல சவுத் கரோலைனா மாநிலத்து சார்ல்ஸ்டன்ல இருந்து ஹைவே 17-ல மவுண்ட் பிளசன்ட் பக்கம் போறப்ப ரோட்டோரமா மரத்துல சின்னக் கடை கட்டி புல்லுக்கூடை விப்பாங்களே, பாத்திருப்பீங்க, வெல கேட்டுட்டு வண்டிய எடுத்துட்டும் போயிருப்பீங்க (நாங்களும்தான்). ஸ்வீட்கிராஸ்ங்கற புல்ல சுருள் சுருளா சுத்தி, ஸ்பூன் காம்பால ஓட்ட போட்டு, பால்மெட்டோங்கற பனை ஓலைய உள்ள விட்டு இழுத்து இறுக்குவாங்க. பின்னுறதுன்னு சொன்னோம், கூடை வித்த அம்மா மொறைச்சாங்க, தைக்கிறதுன்னுதான் சொல்லணுமாம்.

இவங்க மேற்கு ஆப்பிரிக்காவுல இருந்து நெல்லு வயல் வேலைக்கு அடிமையா கொண்டுவந்தவங்களோட வம்சம், குல்லா கீச்சி மக்கள். அப்ப நெல்லு பொடைச்ச மொறமும் இதே தையல்தான்.

கவர்மென்ட் ஒண்ணுமே செய்யலன்னு சொல்ல முடியாது. 2006-ல அமெரிக்க நாடாளுமன்றம் (காங்கிரஸ்) சட்டம் போட்டு நார்த் கரோலைனால இருந்து ஃப்ளோரிடா வரைக்கும் நாலு மாநில கடலோரத்த குல்லா கீச்சி பாரம்பரியப் பகுதின்னு அறிவிச்சாங்க, அதே வருஷம் சவுத் கரோலைனா இந்தக் கூடைய மாநிலக் கைவினைன்னு ஆக்குச்சு. எல்லாம் சரி, ஆனா நிலத்த காப்பாத்தற அதிகாரம் அந்தச் சட்டத்துல இல்ல.

சிக்கலே நிலம்தான். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிஞ்சு பாட்டன் பூட்டன் வாங்கினது, உயில் கெடையாது, நம்ம பங்காளி சொத்து மாதிரி எல்லாருக்கும் பாத்தியதை, எங்கயோ இருக்கற ஒரு பேரன் தன் பங்க பில்டருக்கு வித்துட்டா போதும், அவன் கோர்ட்டுல பாகம் கேப்பான், கடைசில மொத்த நிலமும் ஏலத்துக்கு போயிரும், இப்படி போனது நெறைய. 2016-ல சவுத் கரோலைனா புது சட்டம் கொண்டுவந்து, விக்கணும்னு கேக்கறவன் பங்க மத்த வாரிசுங்க நியாயமான மதிப்புக்கு முதல்ல வாங்கிக்கலாம்னு வழி விட்டுச்சு. நல்ல சட்டம்தான், ஆனா யாரு யாரு வாரிசுன்னு காட்ட பேப்பர் வேணுமே.

அந்த பேப்பர் செலவுக்குத்தான் கேக்கறோம். இப்ப ஒரே ஒரு குடும்பம், நாலு தலைமுறை டெத் சர்டிபிகேட் தேடணும், சர்வேயர் வரணும், வக்கீல் பீஸ் வேற. வீட்டுக்கு 25 டாலர் குடுங்க, முடிஞ்சவங்க கூட போடுங்க. காசு கமிட்டி ஆளுங்க கைக்கு வராது, நேரா வக்கீலோட ட்ரஸ்ட் அக்கவுண்ட்டுக்கு போயிரும். போன கலெக்ஷனுக்கு கணக்கு குடுக்க ரெண்டு மாசம் இழுத்தோம், திட்டினீங்க, தப்பு எங்களுதுதான், இந்தத் தடவ ரசீத மாசாமாசம் குரூப்ல போட்டுருவோம்.

தீபாவளி பாட்லக் விருந்துலயும் உண்டியல் இருக்கும். தயவுசெஞ்சு சில்லறையா போட்டு எங்கள எண்ண வைக்காதீங்க.