ஆன்டிகோனஸின் ஒரு கண்ணை மூட அனுமதி கேட்டு ஒரு திறந்த மடல்

பண்டைய போர்களை வைத்து வியூக விளையாட்டு செய்யும் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் விளையாட்டை நான்கு வருடமாக விடாமல் ஆடுகிறவன் நான். இதைக் குறை சொல்லத்தான் எழுதுகிறேன், ஆனால் ஆசையோடு. மிரண்ட யானை திரும்பி ஓடிச் சொந்தக் காலாட்படையையே மிதிக்கிறது. நீண்ட ஈட்டிகளோடு சுவர் மாதிரி நிற்கும் மாசிடோனிய அணி, பக்கவாட்டில் அடி விழுந்ததும் குலைந்து போகிறது. இதையெல்லாம் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள், தளபதிகளின் முகம் என்று வந்ததும் ஏன் கையை விட்டுவிட்டீர்கள்?

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். கிமு 301, இன்றைய துருக்கியில் இருக்கும் இப்சஸ் போர்க்களம். அலெக்சாண்டரின் தளபதியாக இருந்து, அவர் செத்தபின் ராஜாவான ஆன்டிகோனஸ் தன் படையோடு நிற்கிறார். அன்று அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அந்தப் போரில்தான் செத்தும் போனார். திரையின் ஓரத்தில் அவர் படம் வருகிறது: கறுகறுவென்று தாடி, முப்பது வயதுக் கன்னம், இரண்டு கண்ணும் பளிச்சென்று. 'மோனோஃப்தால்மஸ்', அதாவது ஒற்றைக்கண்ணர் என்றே வரலாறு அடையாளம் சொல்லும் மனிதர் அவர்! பக்கத்தில் குதிரைப்படையோடு மகன் டிமெட்ரியஸ். அவருக்கும் அச்சு அசல் அதே படம். எந்த ஓவியனாலும் சிற்பியாலும் சரியாகப் பிடிக்க முடியாத அழகு அந்த மகனுடையது என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். உங்கள் ஓவியர் ஒரே படத்தில் அப்பனையும் பிள்ளையையும் சேர்த்துப் பிடித்துவிட்டார்.

சரி, நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் தேடிக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. கோப்புகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் 23ஆம் எண் அவர் என்று தெரிந்தது. தாடியை நரைக்க வைத்தேன், நெற்றியில் நாலு கோடு இழுத்தேன், ஒரு கண்ணை மூடி மேலே ஒரு பழைய தழும்பும் போட்டேன். அதே பெயரில் சேமித்துவிட்டு விளையாட்டைத் திறந்தால், ஆகா, ஆன்டிகோனஸ் வந்துவிட்டார்! இரண்டு சுற்று கழித்து ரோமில் புதிய கான்சல், அதாவது அந்த நாட்டின் உச்சப் பதவிக்காரர், தேர்வானார். அவருக்கும் ஒற்றைக் கண். அப்புறம் இன்றைய பிரான்ஸ் பக்கத்துக் கால் இனத் தலைவன் ஒருவன், அவனுக்கும் ஒற்றைக் கண். நீங்கள் முகத்தைப் பெயரோடு கட்டவில்லை, எண்ணோடு கட்டியிருக்கிறீர்கள். எல்லா நாடுகளும் அந்த ஒரே குவியலிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. அடுத்த அப்டேட்டில் என் படம் அழிந்து பழைய கறுப்புத் தாடி திரும்பி வந்தது. அதற்கு முன்பே ஒரு நண்பரோடு மல்டிபிளேயரில் சேரப்போய், கோப்புகள் பொருந்தவில்லை என்று வெளியே தள்ளப்பட்டிருந்தேன். ஒரு கண்ணை மூடியதற்கு!

நான் கேட்பது சின்ன விஷயம். அப்டேட் தொடாத தனி ஃபோல்டர் ஒன்று. அதில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல். தளபதியின் பெயர், அதற்கு நேரே படத்தின் பெயர், அவ்வளவுதான். முடிந்தால் வயதுக்கும் ஓர் இடம் விடுங்கள். இருபதில் ஒரு படம், ஐம்பதில் ஒரு படம் என்று வைத்தால் நீண்ட ஆட்டத்தில் ஆட்கள் கண் முன்னே மூப்படைவார்கள். குறித்த படம் ஃபோல்டரில் இல்லையென்றால் உங்கள் பழைய படமே வரட்டும், ஆட்டம் நின்றுபோக வேண்டாம். படத்தின் அகல உயரத்தையும் எந்த வகைக் கோப்பு என்பதையும் எங்காவது எழுதி வையுங்கள். இப்போது அதை அளந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.

முகம் அலங்காரம்தானே, போரின் முடிவை அது மாற்றுமா என்று நீங்கள் கேட்கலாம். மாற்றாது. ஆனால் அந்தக் காலத்து ஆட்கள் இதை அலங்காரமாக நினைக்கவில்லை. அலெக்சாண்டரின் தளபதியாக இருந்து எகிப்தின் ராஜாவான தாலமியின் நாணயத்தைப் பாருங்கள். வளைந்த மூக்கு, முன்னால் துருத்திய மோவாய், குழி விழுந்த கண். அழகுபடுத்த யாரும் மெனக்கெடவில்லை. ஆளை அடையாளம் தெரிய வேண்டும், அதுதான் முக்கியம். அதே மாதிரி தளபதியாக இருந்து ராஜாவான லைசிமாக்கஸ் தன் முகத்தைப் போடாமல், எகிப்தின் ஆமோன் கடவுளின் ஆட்டுக்கொம்பு முளைத்த அலெக்சாண்டர் தலையைப் போட்டார். செத்துப்போன ராஜாவின் முகத்தை வைத்து இருக்கிற ராஜா அரசியல் செய்தார் என்று அதற்கு அர்த்தம். இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கம் இருந்த பாக்ட்ரியாவின் கிரேக்க ராஜா யூக்ரடைடிஸ் காளையின் கொம்பும் காதும் வைத்த தலைக்கவசத்தோடு தெரிகிறார். 169 கிராம் எடையுள்ள அவருடைய தங்க நாணயம் பாரிஸில் இருக்கிறது. உள்ளங்கை நிறைய அப்படி ஒரு முகத்தைப் பொறித்தவரை நீங்கள் 17ஆம் எண் ஆக்கி வைத்திருக்கிறீர்கள்.

ரோமர்கள் பக்கம் வந்தால் சீசர். கிமு 44இல் அடித்த வெள்ளி டெனாரியஸ் நாணயத்தில் அவர் கழுத்துச் சுருக்கம்கூடத் தெரியும். தலையில் இலை மாலை. செனட் தந்த மரியாதைகளிலேயே எப்போதும் மாலை அணியும் உரிமைதான் அவருக்கு ரொம்பப் பிடித்தது, வழுக்கையை மறைக்கலாமே என்று ரோம வரலாற்று எழுத்தாளர் சூட்டோனியஸ் சொல்கிறார். உங்கள் சீசருக்கு அடர்த்தியான சுருட்டை முடி. அவர் பார்த்தால் சந்தோஷப்படுவார், அது வேறு விஷயம்.

எல்லாருக்கும் இப்படிச் சான்று கிடைக்காது என்பதும் தெரியும். ரோமை எதிர்த்துப் போரிட்ட கார்த்தேஜ் தளபதி ஹானிபலின் முகம் இதுதான் என்று அடித்துச் சொல்ல எதுவும் இல்லை. இத்தாலியின் காபுவாவில் கிடைத்ததாகச் சொல்லப்படும் மார்பளவுச் சிலை சந்தேகத்துக்குரியது. ஸ்பெயினில் அவர் குடும்பம் அடித்த நாணயங்களில் இருப்பது அவரா, அவர் அப்பாவா, கார்த்தேஜ்காரர்கள் கும்பிட்ட மெல்கார்ட் கடவுளா என்று இன்னும் வாதம் நடக்கிறது. இந்த மாதிரி இடத்தில்தான் ஆடுகிறவர்களிடம் விட்டுவிடுவது நல்லது. நீங்கள் ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்தால் அது தீர்ப்பு மாதிரி ஆகிவிடும். ஆளாளுக்கு ஒன்றை வைத்துக்கொண்டால், கிமு 217இல் இத்தாலியின் ஆர்னோ ஆற்றுச் சதுப்பைத் தாண்டும்போது ஹானிபலுக்கு ஒரு கண் போனதையாவது யாரோ ஒருவர் நினைவு வைத்து வரைவார்.

கண் என்றதும் இன்னொன்று. அலெக்சாண்டரின் அப்பா ஃபிலிப், ஆன்டிகோனஸ், ஹானிபல், ரோமத் தளபதி செர்டோரியஸ். தந்திரமும் திறமையும் சேர்ந்த பெரிய தளபதிகள் இந்த நாலு பேருமே ஒற்றைக்கண்ணர்கள் என்று புளூட்டார்க் ஓர் இடத்தில் வரிசை போடுகிறார். நாலு பேரும் உங்கள் விளையாட்டில் இருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன், மொத்தம் எட்டுக் கண்கள்.

உங்களுக்கு இருக்கக்கூடிய பயங்களும் புரிகின்றன. மல்டிபிளேயரில் யாராவது அசிங்கமான படத்தை மாட்டிவிட்டால்? அந்தப் படம் மாட்டியவருடைய கணினியில் மட்டும் தெரியட்டும், எதிராளிக்கு உங்கள் படமே போகட்டும். அப்போது கோப்புச் சரிபார்ப்பிலும் இந்த ஃபோல்டரைச் சேர்க்க வேண்டியிராது. உரிமைப் பிரச்சினையா? நாணயம் 2300 வருடப் பழசு, அதை எடுத்த புகைப்படம் அப்படியல்ல; ஃபோல்டரைக் காலியாகக் கொடுங்கள், எதைப் போடுகிறோமோ அதற்கு நாங்கள் பொறுப்பு. இப்போது ஏஐ வரைந்து தரும் படங்களில் எல்லா ராஜாவும் ஜிம்முக்குப் போய் வந்தவர் மாதிரி இருக்கிறார், அதுவும் வந்து குவியும். வரட்டும். பிடிக்காதவர் எடுத்துப்போடப் போகிறார்.

படம் வரைந்து தரும்படி உங்களைக் கேட்கவில்லை. அதற்கு ஆள் நிறைய இருக்கிறோம். என்னிடமே இருபத்தாறு முகங்கள் தயாராக இருக்கின்றன. ரோமோடு மோதிய எபிரஸ் நாட்டு ராஜா பிர்ரஸை நேப்பிள்ஸில் இருக்கும் சிலையைப் பார்த்து வரைந்தேன், ஹெர்குலேனியத்தில் கிடைத்தது, ஓக் இலை சுற்றிய தலைக்கவசம். அவருடைய மேல்வரிசைப் பற்கள் தனித்தனியாக இல்லாமல் ஒரே எலும்பாக இருந்தன என்று படித்திருக்கிறேன். வாயை மூடியே வரைந்துவிட்டேன்.

ஆன்டிகோனஸை மட்டும் இரண்டு விதமாக வைத்திருக்கிறேன். ஒன்று நான் முதலில் செய்தது, கண் மூடியது, தழும்போடு. மற்றொன்று, அந்தக் காலத்து கிரேக்க ஓவியர் அப்பெல்லஸ் செய்ததாக ரோம எழுத்தாளர் பிளினி சொல்லும் உத்தி: கெட்டுப்போன கண் தெரியாதபடி முகத்தை ஒருபக்கமாகத் திருப்பி வரைந்தாராம். அந்த ஓவியம் இன்று இல்லை. என்னுடையது அதற்கு உறை போடக்கூடக் காணாது, ஆனாலும் தாடி நரைத்திருக்கிறது. ஃபோல்டரைத் திறந்துவிட்டால் அன்றைக்கே இரண்டையும் போட்டுப் பார்த்துவிடுவேன்.

இப்படிக்கு,
23ஆம் எண்ணைத் திருத்தப்போய் ரோமின் கான்சலைக் குருடாக்கிய ஒருவன்