புகைப்படச் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை: பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கையின் நகல் தபாலில் போகும். அந்தத் தபால் செலவும் சங்கக் கணக்கில்தான் சேரும்.

செயற்குழு ஐந்து முறை கூடியது. சித்திரைப் பௌர்ணமியன்று ஒரு பக்கம் சூரியன் மறைவதையும் மறுபக்கம் நிலா எழுவதையும் எடுக்கக் கன்னியாகுமரிக்குப் போனோம், மேகம். ஆகஸ்ட் 19, உலகப் புகைப்பட தினத்தில் பள்ளி மாணவர்களுக்கு வகுப்பு நடத்தினோம். தோவாளைப் பூச்சந்தைப் பயணம் இனிதே நடந்தது.

மணக்குடிப் பயணத்தை அப்படி ஒரு வரியில் முடிக்க முடியவில்லை. பழையாறு கடலைச் சேரும் இடத்தில் விடியலை எடுப்பதாகத் திட்டம். பெயர் கொடுத்தவர்கள் 18 பேர். அதிகாலை நாலரை மணிக்கு வேனில் ஏறியவர்கள் ஏழு பேர், ஓட்டுநரையும் சேர்த்து. வேன் வாடகை ஆளுக்கு ஆள் குறைவதில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இனி விமர்சன மாலை, அதாவது ஒருவர் எடுத்த படத்தை மற்றவர்கள் அலசும் மாதக் கூட்டம். சென்ற ஆண்டு உறுப்பினர் வருகை குறைந்ததற்கு இதுதான் காரணம் என்று ஒரு பேச்சு உலவுகிறது. யார் சொன்னது என்று கேட்கமாட்டேன். ஆனால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முன்பெல்லாம் நம் கூட்டங்களில் படம் காட்டுவது எப்படி நடக்கும்? திரையில் படம் வரும். ஒருவர் ‘அருமை’ என்பார். அடுத்தவர் ‘அபாரம்’ என்பார். மூன்றாமவர் எந்த லென்ஸ் என்று கேட்பார். அடுத்த படம் வந்துவிடும். பன்னிரண்டு ஆண்டுகளாக நானும் படம் காட்டி ‘அருமை’ வாங்கியிருக்கிறேன். என் அடிவானம் இன்றும் வலப்பக்கமாகத்தான் சரிகிறது.

அதனால்தான் ஜூன் மாதம் விமர்சன மாலையைத் தொடங்கினோம். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எடுத்தவர் பெயரைச் சொல்லாமல் படத்தை வைக்க வேண்டும். பார்ப்பவர், தன் கண் முதலில் எங்கே போனது, பிறகு எங்கே நின்றது என்று சொல்ல வேண்டும். அதன்பின் மாற்றக்கூடிய ஒன்றே ஒன்றைச் சொல்லலாம். ‘அருமை’க்குத் தடை. எல்லோரும் பேசி முடிக்கும் வரை எடுத்தவர் வாயைத் திறக்கக்கூடாது. இந்தக் கடைசி விதியை எழுதியவன் நான்தான். அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

முதல் மாலையில் புத்தளம் உப்பளப் படம் ஒன்று வந்தது. நல்ல வெயில், குவியல் குவியலாக உப்பு, வரப்பில் ஒரு கொக்கு. பார்த்தவர்களில் ஒருவர், “கண் நேராகக் கொக்குக்குத்தான் போனது. ஏனென்றால் படத்தில் அது மட்டும்தான் வெள்ளை. உப்பு சாம்பல் மாதிரி இருக்கிறது” என்றார். அறையே சிரித்தது. எடுத்த ஆசிரியை மட்டும் குறித்துக்கொண்டார். ஒளியை அளக்கும் கேமரா மீட்டருக்கு உப்பும் தெரியாது, பனியும் தெரியாது; எதைக் காட்டினாலும் நடுச்சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டியிருந்தால், அதாவது ஒளியை இரு மடங்காக உள்ளே விட்டிருந்தால், உப்பு உப்பாகவே வந்திருக்கும். கொக்கு மட்டும் எப்படித் தப்பித்தது என்று அரை மணி நேரம் விவாதித்தோம். மறுமாதம் ஆசிரியை அதே வரப்பில் எடுத்த படத்தைக் கொண்டுவந்தார். வெள்ளை வெள்ளையாக இருந்தது. கொக்குதான் இல்லை.

ஜூலையில் சறுக்கினோம். புரொஜெக்டர் எல்லாப் படத்துக்கும் ஒரு நீலம் பூசியது. அது தெரியாமல், முப்பந்தல் காற்றாலைப் படம் ஒன்றை நிறம் சரியில்லை என்று நால்வர் மாற்றி மாற்றிக் குறை சொன்னோம். தவறு எங்களுடையது, மன்னிப்பும் கேட்டுவிட்டோம். அதன் பிறகு எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் அச்சிட்டுக் கொண்டுவரச் சொன்னோம். திரையில் ஒளிரும் படம் தாளில் இருண்டு வருவது பலருக்கு அன்றுதான் தெரிந்தது. அச்சுச் செலவு அதிகம் என்று முணுமுணுத்தவர்கள், சென்ற ஆண்டு வாங்கிய லென்ஸின் விலையை ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம்.

செப்டம்பரில் நடந்ததுதான் பேச்சுக்கெல்லாம் வேர். சங்குத்துறைக் கடற்கரையில் ஓர் அந்திப் படம். வானம் முழுக்கக் குங்குமம். ஒரு கல்லூரி மாணவி, “அன்றைக்கு வானம் இப்படித்தான் இருந்ததா, சார்?” என்று கேட்டார். பெயர் சொல்லாத படம் என்பதால் பொதுவாக என் பக்கம் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் எடுத்தவர் நம் மூத்த உறுப்பினர். விதிப்படி கடைசிவரை பேசாமல் இருந்தார். அதன்பின் இன்றுவரை பேசவில்லை.

ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தார். “அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் எடுத்த நிலவுப் படத்தின் வானத்தைப் பிற்கால அச்சுகளில் கறுப்பாக்கிக்கொண்டே போனார். அவரை யாராவது கேட்டார்களா?” என்றார். நியாயமான கேள்விதான். அந்தக் கேள்வியைக் கூட்டத்தில் வந்து கேளுங்கள் அண்ணாச்சி, அதற்காகத்தானே கூடுகிறோம் என்றேன். “எழுபது வயதுக்கு மேல் நான் யாரிடமும் பாஸ் மார்க் வாங்க வேண்டியதில்லை தம்பி” என்றார். சந்தா ரசீதுப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுக்காமலேயே திரும்பினேன்.

அவர் மீது குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. டிசம்பரில் என் மாத்தூர் தொட்டிப்பாலப் படத்தை வைத்தேன். பரளியாற்றுக்கு மேல் 115 அடி உயரத்தில் கால்வாய் நீரைக் கொண்டுபோகும் பாலத்தைக் கீழே நின்று அகலக்கோண லென்ஸில் அண்ணாந்து எடுத்த படம். எனக்குப் பிடித்த படம். அதே மாணவி, “தூண்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்கின்றன. பாலம் விழப்போகிறதோ என்று கண் பதறுகிறது” என்றார். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் செங்குத்துக் கோடுகள் குவியும் என்பது இயற்பியல், அது பிழையல்ல என்று விளக்கினேன். குறிப்பேட்டில் இணைச்செயலாளர், ‘செயலாளர் விளக்கம் அளித்தார், 11 நிமிடம்’ என்று எழுதியிருக்கிறார். அடிக்கச் சொன்னேன். அடிக்கவில்லை.

பொங்கல் விடுமுறையில் யாருக்கும் சொல்லாமல் மாத்தூருக்குப் போனேன். எதிர்ச் சரிவில் மூச்சிரைக்கப் பாதி உயரம் ஏறி, நீள லென்ஸை மாட்டி, கேமராவைச் சாய்க்காமல் எடுத்தேன். தூண்கள் நிமிர்ந்து நிற்கின்றன. அந்த அச்சு அதோ அந்த மேசையில் இருக்கிறது. மாணவிக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. இந்த அறிக்கையில் சொல்வது போதாது என்று என் மனைவி சொல்கிறார்.

வருகைக் கணக்கைப் பார்த்தால் குறைந்தது உண்மை. முதல் மாலைக்கு 22 பேர், மார்ச்சில் 8 பேர். ஆனால் எட்டுப் பேரும் மற்றவர் படத்தைப் பார்க்க வந்தவர்கள். தன் படம் முடிந்ததும் செல்பேசி அழைப்பு வந்ததாக எழுந்து போனவர்கள்தான் குறைந்திருக்கிறார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தணிக்கை செய்வித்து வைத்திருக்கிறார். சுருக்கமாக, வந்தது செலவாகியிருக்கிறது. கையிருப்பு திருப்திகரம் என்று சொல்லுமளவுக்கு இல்லை, கவலைப்படுமளவுக்கும் இல்லை. வேன் வாடகை பற்றிக் கேள்வி இருந்தால் மேலே சொல்லியிருக்கிறேன். 43 உறுப்பினர்களில் 17 பேர் சந்தா பாக்கி. ஆண்டுக்கு 600 ரூபாய். பெயர்ப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் ஒட்டவில்லை.

நூலக மாடி அறையைத் தந்தவர்களுக்கும், தேநீர் தந்த கடைக்காரருக்கும், தணிக்கையாளருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் விமர்சன மாலை தொடருமா என்று கேட்கிறார்கள். தொடர வேண்டும் என்பது என் ஆசை. வேறு யாராவது நடத்த முன்வந்தால் அறைச் சாவியை இன்றே ஒப்படைக்கத் தயார். சாவியைப் பற்றிச் சென்ற ஆண்டும் இதையே சொன்னேன். சாவி இன்னும் என் பையில்தான் இருக்கிறது. மூத்த உறுப்பினருக்கு முன்வரிசை நாற்காலி ஒன்று எப்போதும் காலியாக இருக்கும் என்பதை அவரைப் பார்ப்பவர்கள் தெரிவிக்கவும்.

அடுத்த மாலை இரண்டாம் ஞாயிறு, ஐந்து மணி. ஒருவர் ஓர் அச்சுதான் கொண்டுவரலாம். பெயரைப் பின்பக்கம் பென்சிலால் எழுதவும். மைப் பேனா வேண்டாம். பிப்ரவரியில் அடுக்கி வைத்தபோது ஒருவர் பெயர் இன்னொருவர் வானத்தில் ஒட்டிக்கொண்டது.