சிறிய காருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்: ட்ரெயிலர் எடுக்கமுன் ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

அல்டோ, வாகன் ஆர், விட்ஸ் போன்ற சிறிய கார்களில் மோட்டார் சைக்கிளை ட்ரெயிலரில் ஏற்றி இழுக்கலாமா என்று கேட்டு எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது காரின் கையேட்டை. அடுத்தது மோட்டார் சைக்கிள் என்ன மொடல் என்பதை. விலை பேசுவது அதற்குப் பிறகுதான். ஏன் இப்படிக் கேட்கிறோம், ட்ரெயிலரை எடுத்தபின் நீங்கள் எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை இந்த மடலில் விளக்கமாக எழுதியிருக்கிறோம்.

கையேட்டில் ட்ரெயிலர் பற்றி ஒரு பகுதி இருக்கும். சில சிறிய கார்களுக்கு இழுக்கக்கூடிய எடை கிலோவில் போடப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில், இந்தக் கார் ட்ரெயிலர் இழுக்க வடிவமைக்கப்படவில்லை என்றே எழுதியிருக்கும். அப்படி எழுதியிருந்தால் நாங்கள் டோ பார் (ட்ரெயிலரைக் கொளுவக் காரின் பின்னால் பூட்டும் இரும்புச் சட்டம்) பூட்டுவதில்லை, எவ்வளவு காசு தந்தாலும். ஒரு தடவை மட்டும் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ கொண்டுபோக வேண்டுமென்றால் ஒரு பட்டா வாகனத்தை (சிறிய லொறி) வாடகைக்குப் பிடிப்பதே மலிவு. அதிலும் கட்டும் முறை இதேதான், ஆகவே கீழே கட்டுவது பற்றி எழுதியிருப்பது அப்படிப் பிடிக்கிறவர்களுக்கும் உதவும்.

கையேடு அனுமதித்தால் அடுத்தது எடைக் கணக்கு. அல்டோ 800 வெறுமையாக ஏறத்தாழ 700 கிலோ. பிறேக் இல்லாத ட்ரெயிலர், சுமையோடு சேர்த்து, காரின் வெற்று எடையில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு; கையேடு அதிலும் குறைவாகச் சொன்னால் கையேட்டின் எண்ணே முடிவு. பல்சர் 150 ஏறத்தாழ 145 கிலோ, எங்கள் ஒற்றை ட்ரெயிலர் 120 கிலோ. மொத்தம் 265. ரோயல் என்பீல்ட் கிளாசிக் 350 என்றால் 195 கிலோ, மொத்தம் 315. இரண்டு மோட்டார் சைக்கிளை ஒன்றாக ஏற்றித் தரும்படி கேட்காதீர்கள். அது இந்தக் கார்களின் பிறேக்குக்கு அடங்காது. இரண்டு பேர் இருக்கும் அல்டோ 840 கிலோ. பல்சரோடு ட்ரெயிலரையும் கொளுவினால் அதே நாலு சில்லின் பிறேக்கும் 1105 கிலோவை நிறுத்த வேண்டும். முன்னால் போகும் வாகனத்துக்கு விடும் இடைவெளியை இரட்டிப்பாக்கச் சொல்வது இதனால்தான்.

எடையை விடவும் முக்கியமானது அந்த எடை எங்கே நிற்கிறது என்பது. மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் விளங்கும். பின்பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை விட்டுக் கிளம்பும். ட்ரெயிலரில் ஏர்க்கால், அதாவது முன்னால் நீண்டு காரில் கொளுவும் தண்டு, காரின் பின்பக்கத்தைத் தூக்கும். ஓட்டத்தில் ட்ரெயிலர் இடமும் வலமும் வாலாட்டத் தொடங்கும். வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் அது காரையும் சேர்த்துத் திருப்பிவிடும். ட்ரெயிலர் பிரளும் விபத்துகளுக்குப் பாரத்தின் அளவை விடப் பாரம் பின்னுக்கு நின்றதே பல தடவை காரணம்.

எங்கள் ட்ரெயிலரில், டோ பாரின் நுனியில் ஏர்க்கால் கொளுவும் உருண்டையான குண்டிலிருந்து அச்சுவரை 200 சென்ரிமீற்றர். பல்சரின் எடை மையம் அச்சுக்கு 20 சென்ரிமீற்றர் முன்னால் நின்றால் குண்டில் இறங்கும் முன்பாரம் 145 × 20 ÷ 200, அதாவது 14.5 கிலோ. வெறும் ட்ரெயிலரின் முன்பாரம் 8 கிலோ. இரண்டும் சேர்ந்து 22.5 கிலோ, மொத்த எடையில் எட்டரை வீதம். 7 முதல் 10 வீதம் வரை இருந்தால் சரி. அதே பல்சரை 30 சென்ரிமீற்றர் பின்னுக்கு நிறுத்திப் பாருங்கள்: முன்பாரம் ஒரு கிலோகூட மிஞ்சாது. ஒரு முழத்துக்கும் குறைந்த இடமாற்றம் அது. இதனால்தான் முன்சில்லைப் பிடிக்கும் கவ்வியை உங்கள் மோட்டார் சைக்கிளின் நீளத்துக்கு ஏற்ப நகர்த்திப் பூட்டித் தருகிறோம். வேறு மோட்டார் சைக்கிள் ஏற்றுவதானால் அதை மறுபடி நகர்த்த வேண்டும்.

வீட்டில் எடை பார்க்கும் தராசே இதை அளக்கப் போதும். சமதரையில், கார் குண்டின் உயரத்துக்கு மரக்குற்றி வைத்து, அதன்மேல் தராசை வைத்து ஏர்க்காலை இறக்குங்கள். தராசின் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஏர்க்கால் மேல்நோக்கி நின்றால் எடை குறைத்துக் காட்டும். முன்பாரம் கூடிப்போனாலும் நல்லதல்ல. குண்டு பின் அச்சுக்கு வெளியே நிற்பதால், 25 கிலோ அங்கே இறங்கினால் பின்சில்லுகளில் 32 கிலோவுக்கு மேல் ஏறும், முன்சில்லுகளில் 7 கிலோ குறையும். இந்தக் கார்களை இழுப்பதும் திருப்புவதும் முன்சில்லுகள்தான். ஆகவே ட்ரெயிலர் கொளுவிய நாளில் டிக்கியில் அரிசி மூட்டை வேண்டாம், பின்சீற்றில் மூன்று பேரும் வேண்டாம்.

டோ பாரை பம்பருக்குப் பூட்டும் வேலையைச் செய்ய மாட்டோம். பம்பருக்கு உள்ளே இருபக்கமும் ஓடும் பெட்டிச் சட்டத்தில், உள்ளே குழாய்த் துண்டு வைத்து, மறுபக்கம் 6 மில்லிமீற்றர் தகடு கொடுத்துத்தான் போல்ட் இறுக்குகிறோம். குழாய் வைக்காமல் இறுக்கினால் மெல்லிய தகடு நசியும். நசிந்த இடத்தில் போல்ட் தளர்ந்துகொண்டே போகும். குண்டு 50 மில்லிமீற்றர். வேறு இடத்தில் குண்டு பூட்டியிருந்தால் அதில் பொறித்திருக்கும் அளவைப் பாருங்கள். 1⅞ அங்குலக் குண்டு 47.6 மில்லிமீற்றர்தான், ஏர்க்காலின் நுனியில் உள்ள 50 மில்லிமீற்றர் கிண்ணம் அதன்மேல் ஒழுங்காகப் பூட்டியதுபோலவே தெரியும், முதலாவது பெரிய பள்ளத்தில் கழன்றுவிடும். கொளுவியபின் ஏர்க்காலைப் பிடித்து மேலே தூக்குங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்ப வேண்டும். பூட்டுக்குள் ஊசியைப் போடுங்கள். இரண்டு சங்கிலியையும் ஏர்க்காலுக்குக் கீழே குறுக்காக மாற்றிக் கொளுவுங்கள். குண்டு கழன்றாலும் ஏர்க்கால் றோட்டில் குத்தாமல் சங்கிலியில் தங்கும்.

ஏற்றும்போது ட்ரெயிலர் காரில் கொளுவியிருக்க வேண்டும். அப்படியிருந்தும் ஒரு ஆபத்து உண்டு. மோட்டார் சைக்கிள் ட்ரெயிலரின் வாலில், அச்சுக்கு ஒரு மீற்றர் பின்னால் நிற்கும் கணத்தில், பல்சர் என்றால் ஏர்க்கால் 65 கிலோவுக்குக் கிட்ட மேலே இழுக்கும். காரின் பின்பக்கம் அந்தளவுக்கு இலேசாகிவிடும். கை பிறேக் பிடிப்பதோ பின்சில்லுகளை மட்டும். ஆகவே கியரில் போட்டு, முன்சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை வைத்து, ட்ரெயிலரின் வாலுக்குக் கீழே நாங்கள் தரும் இரண்டு முட்டுக்கால்களையும் இறக்கிய பிறகே மோட்டார் சைக்கிளைத் தள்ளுங்கள். ஓடி ஏற்றாதீர்கள். எஞ்சின் நின்றிருக்க, ஒருவர் ஹாண்டிலிலும் ஒருவர் பின்னாலும் நின்று தள்ள 2 மீற்றர்ப் பலகை போதும்.

இனிக் கட்டுவது. ஸ்ராண்டில் நிறுத்திக் கட்டக்கூடாது, பக்க ஸ்ராண்டிலும் நடு ஸ்ராண்டிலும். ஓட்டத்தில் ஸ்பிரிங் அமுங்கி எழும்போது ஸ்ராண்ட் வளையும், அல்லது மடங்கிவிடும். உடனே பட்டி தளர்ந்துவிடும். இரண்டு சில்லிலும் நிமிர்ந்து நிற்க வேண்டும். முன்சில்லைக் கவ்விக்குள் விட்டு, முன்னால் இரண்டு பட்டிகளை, முன்சில்லைத் தாங்கும் ஃபோர்க்கின் கீழ்த் தட்டில் மெத்தென்ற வளையம் போட்டு மாட்டி, முன்னுக்கும் கீழுக்கும் வெளிப்பக்கத்துக்கும் ஏறத்தாழ 45 பாகையில் இழுங்கள். ஹாண்டில் பிடியில் மாட்டினால் ஹாண்டில் திரும்பும், கேபிளும் நசியும். இருபக்கமும் மாறி மாறி இறுக்கி, ஃபோர்க் தன் ஓட்டத்தில் பாதிவரை அமுங்கியதும் நிறுத்துங்கள். முழுவதும் அமுக்கினால் ஒயில் சீல் கசியும். அமுக்காமலே விட்டால், பள்ளத்தில் ஃபோர்க் அமுங்கும்போது பட்டி தளர்ந்து கொக்கி கழன்றுவிடும். பின்னால் இரண்டு பட்டிகள் பின்சில்லு துள்ளி இடம்மாறாமல் பிடிப்பதற்கு. அவற்றைச் சட்டத்தில் மாட்டுங்கள், இண்டிக்கேற்றரிலோ சைலன்சரிலோ அல்ல.

நைலோன் கயிறு வேண்டாம். நனைந்தால் நீளும், கார்த்திகை மார்கழி மழையில் கோப்பாய் தாண்டமுன்னரே தளர்ந்திருக்கும். பிடியை ஆட்டி இறுக்கும் ரச்சட் பட்டி வாங்குங்கள், லேபலில் வேலைச் சுமை 250 கிலோவுக்குக் குறையாமல் இருக்கட்டும். வெயிலில் வெளிறிய பட்டியையும் ஓரம் பிய்ந்ததையும் எறிந்துவிடுங்கள். பட்டியில் ஒரு முறுக்கு விட்டுக் கட்டினால் காற்றில் படபடத்துத் தேயாது. கியரில் விடுங்கள், ஸ்கூட்டர் என்றால் பிறேக் கையைப் பிடியோடு சேர்த்துக் கட்டுங்கள். ஹாண்டில் லொக் போடாதீர்கள், குலுக்கத்தில் லொக் உடையும். கார்பரேற்றர் உள்ள பழைய சி.டி. 125, எம்.டி. 90 என்றால் பெற்றோல் குழாயைப் பூட்டுங்கள். திறந்திருந்தால் மிதவை துள்ளிப் பெற்றோல் எஞ்சினுக்குள் இறங்கி ஒயிலோடு கலக்கும். புறப்பட்டுப் பத்துப் பதினைந்து கிலோமீற்றரில் நிறுத்தி எல்லாப் பட்டியையும் ஒருதரம் இழுத்துப் பாருங்கள். முதல் தளர்வு பெரும்பாலும் அந்தத் தூரத்துக்குள்தான் வரும்.

வெளிச்சங்களுக்கு ஏழு முள் பிளக். மஞ்சள் இடது இண்டிக்கேற்றர், பச்சை வலது, சிவப்பு பிறேக் லைற், கறுப்பும் பழுப்பும் பின் லைற், வெள்ளை ஏர்த். வெள்ளை வயரை விட்டுவிட்டுக் குண்டின் வழியாக ஏர்த் எடுக்கிறவர்கள் உண்டு. குண்டில் கிறீஸ் இருக்கிறது, பள்ளத்தில் தொடுகை விடும். பிறேக் மிதித்தால் இண்டிக்கேற்றர் மங்கலாக எரியும். புதிய வாகன் ஆர் போன்றவற்றில் காரின் வயரிலிருந்து நேரே எடுக்காமல், பற்றரியிலிருந்து 15 அம்பியர் பியூசோடு தனி றிலே வைத்துப் பூட்டுகிறோம். கூலி கொஞ்சம் கூடும். காரின் கட்டுப்பாட்டுப் பெட்டி எரிந்தால் வரும் செலவு அதைவிடப் பல மடங்கு.

சில்லுக்கு முச்சக்கர வண்டியின் 8 அங்குலத்தைக் கேட்கிறார்கள், விலை குறைவு என்பதால். நாங்கள் விரும்புவது 12 அங்குலம். சிறிய சில்லு அதே தூரத்துக்குக் கூடுதல் தடவை சுற்றும், பேரிங் சூடாகும், பள்ளத்தில் விழும். அல்டோவின் 145/80 ஆர் 12 ரயர் ஒன்று 375 கிலோ தாங்கும். காருக்கு ஏற்ற ஹப் போட்டால் காரின் ஸ்பெயர் சில்லே இதற்கும் உதவும். காற்று 20 முதல் 22 பி.எஸ்.ஐ. போதும். காருக்கு அடிக்கிற அளவு அடித்தால் இந்த இலேசான ட்ரெயிலர் துள்ளிக்கொண்டே வரும்.

ஏ9 வீதியில் 60க்கு மேல் போகவேண்டாம், ரயில் கடவைகளில் நடை வேகம். சோளகக் காற்றுக் காலத்தில் ஆனையிறவிலும் பண்ணைப் பாலத்திலும் சங்குப்பிட்டிப் பாலத்திலும் காற்று பக்கவாட்டில் அடிக்கும், 40க்கு இறக்குங்கள். மோட்டார் சைக்கிளுக்குப் படங்கு போட்டு மூடாதீர்கள், அது பாயாகிக் காற்றைப் பிடிக்கும். வாலாட்டம் தொடங்கினால் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து, ஸ்ரியறிங்கை நேராகப் பிடித்தபடி இருங்கள். பிறேக்கை அழுத்துவதும் எதிர்ப்பக்கம் வெட்டுவதும் ஆட்டத்தைக் கூட்டும். ஆட்டம் அடங்கியதும் ஓரம்கட்டிப் பாரத்தை முன்னுக்கு நகர்த்துங்கள். அப்படியே தொடர்ந்து ஓடாதீர்கள்.

ஒழுங்கைகளில் ட்ரெயிலரின் சில்லு காரின் சில்லை விட உள்ளே வெட்டும், மூலை வேலியைக் கவனித்து அகலத் திரும்புங்கள். பின்னுக்கு எடுக்கும்போது ஸ்ரியறிங்கின் அடியில் கையை வைத்து, ட்ரெயிலர் போகவேண்டிய பக்கம் கையை நகர்த்துங்கள். குறுகிய ட்ரெயிலர் சட்டென்று மடங்கும். முடியாவிட்டால் கழற்றி, இரண்டு பேர் கையால் தள்ளுவது நல்லது.

தீவகப் பக்கம் போய் வந்தால் நன்னீரால் கழுவுங்கள். வெள்ளத்தில் இறங்க நேர்ந்தால், சூடான ஹப் நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அந்த வாரத்துக்குள் பேரிங்கைக் கழற்றிக் கிறீஸ் மாற்ற வேண்டும். சில்லு நட்டுகளை முதல் 50 கிலோமீற்றரில் திரும்ப இறுக்குங்கள்.

ட்ரெயிலருக்குத் தனிப் பதிவு வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதை முடித்து, காரின் காப்புறுதி நிறுவனத்திடம் ட்ரெயிலர் இழுப்பதற்கு எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே றோட்டுக்கு இறக்குங்கள்.

டோ பார் பூட்ட வரும்போது காரின் கையேடு, பதிவுப் புத்தகப் பிரதி, ஏற்றப்போகும் மோட்டார் சைக்கிள் மூன்றையும் கொண்டுவாருங்கள். டிக்கியைக் காலியாக்கி வாருங்கள். கவ்வியைப் பொருத்தி, முன்பாரத்தை உங்கள் கண்முன்னே தராசில் காட்டி, அந்த எண்ணை ஏர்க்காலில் எழுதித் தருவோம்.

அன்புடன்,
பட்டறையினர்,
யாழ்ப்பாணம்.