சேற்றைக் காப்பாற்றுங்கள்: பினாங்கு மாநில அரசுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு முதலமைச்சருக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் நிபோங் திபாலில் பிறந்து வளர்ந்தவன். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்தபின், அப்பா என்னைக் கிரியான் ஆற்றங்கரைக்கு நண்டு பிடிக்கக் கூட்டிப் போவார். பாக்காவ் எனும் அலையாத்தி மரங்களின் வேர்களுக்கு நடுவே கால் வைத்தால் முழங்கால் வரை புதையும். காலை இழுத்தால் அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று கிளம்பும். "கடல் சேறுன்னா இப்படித்தாண்டா" என்பார்.

அந்த நாற்றத்தின் காரணம் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. உப்புநீரில் ஊறிய சேற்றுக்குள் காற்று புகாது; நாற்றம் வருவது அதனால்தான். உதிர்ந்த இலையும் செத்த வேரும் காற்றில்லாமல் முழுதாக மட்குவதில்லை. மரம் காற்றிலிருந்து இழுத்த கார்பன் மண்ணுக்குள்ளேயே நூற்றாண்டுக் கணக்கில் தங்கிவிடுகிறது. ஒரு ஹெக்டர் அலையாத்திக் காடு, மேட்டுநில மழைக்காட்டைவிட மூன்று மடங்குக்கும் மேல் கார்பனைச் சேர்த்து வைக்கக்கூடும். அதில் பெரும்பங்கு சேற்றில்தான் இருக்கிறது.

இறால் குளத்துக்கும் வீடமைப்புக்கும் காட்டை அழிப்பவர்கள், ஈடாக வேறிடத்தில் கன்று நடுவதாகச் சொல்கிறார்கள். ஆனால் தோண்டி உலரவிட்ட சேற்றிலிருந்து கார்பன் வாயுவாக வெளியேறிவிடும். இன்று நடும் கன்று அதைத் திரும்பச் சேர்க்க எத்தனை தலைமுறை ஆகும்?

ஊரார் கூடிச் செய்யும் ஒரு கோத்தோங் ரோயோங்கில் நானும் கன்று நட்டேன். ஏழு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் என் வரிசையில் மூன்றுதான் மிச்சம். மற்றவை தண்டெல்லாம் கொட்டலசு எனும் ஓட்டுடைய சிறு கடலுயிர் அப்பி, அலையில் சாய்ந்து கிடந்தன. அலை ஓயாத வெளிச்சேற்றில் நட்டிருக்கிறோம். மனம் வலித்தது. நடுவதே வீண் என்று சொல்லமாட்டேன். பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கத்தார் 1997 முதல் நட்டு வருகிறார்கள். எங்கே வேர் பிடிக்கும் என்று அவர்களைக் கேளுங்கள்.

2050க்குள் நிகரச் சுழிய உமிழ்வு, அதாவது வெளிவிடும் கார்பனும் திரும்ப உறிஞ்சப்படும் கார்பனும் சமமாவது என்பது மத்திய அரசின் இலக்கு. ஆனால் நிலமும் காடும் மாநில அதிகாரத்தில் இருப்பவை, கையெழுத்து உங்களுடையது. பக்கத்துப் பேராக்கில் சுமார் 40,000 ஹெக்டர் மாத்தாங் அலையாத்திக் காடு நூறாண்டுக்கு மேலாக நிற்கிறது. கரிக்காக மரம் வெட்டினாலும் அங்கே நிலம் காடாகவே இருக்கிறது.

நிபோங் திபாலிலும் பாலிக் புலாவிலும் இன்னும் காப்பகமாகாத பாக்காவ் காடுகளை அரசிதழில் பதிவு செய்யுங்கள். நில அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு கோப்பிலும் சேற்றின் ஆழத்தையும் அதிலுள்ள கார்பனையும் அளந்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நிபோங் திபால்வாசி ஒருவன்