ஞாயிறு உரையாடல்: வயலட் சாபோ

நண்பர்களே, வணக்கம். இந்த ஞாயிறு மாலை 6 மணிக்கு, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ரகசிய முகவராக இருந்த வயலட் சாபோவைப் பற்றிப் பேசுகிறோம். அதற்குள் 1958-ல் வர்ஜீனியா மெக்கென்னா அவராக நடித்து வந்த ஆங்கிலப் படத்தை எப்படியாவது பார்த்துவிடுங்கள்.

பாரிசில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர். கணவர் 1942-ல் எகிப்தில் நடந்த எல் அலமெய்ன் போரில் இறந்தார், பெற்ற மகளின் முகத்தைக்கூடப் பார்க்காமல். அதன்பிறகுதான் வயலட் பிரிட்டனின் ரகசியப் படையில் சேர்ந்தார். சங்கேதச் செய்திக்குத் திறவுகோலாக ஒரு காதல் கவிதையை மனப்பாடம் செய்துகொண்டு பிரான்சுக்குள் போனார். 1944 ஜூனில், இரண்டாவது பயணத்தில், பிடிபட்டார். 1945 தொடக்கத்தில் நாஜிகளின் ராவன்ஸ்புரூக் வதைமுகாமில் சுட்டுக்கொன்றார்கள். வயது 23தான்.

என்னை உலுக்கியது ஒரு சின்னக் கவுன். முதல் பயணத்தின்போது பாரிசில் மகளுக்காக வாங்கியது. தாயின் வீரத்துக்கான ஜார்ஜ் கிராஸ் பதக்கத்தை மன்னரிடம் வாங்கப் போனபோது அந்தக் குழந்தை அதைத்தான் போட்டிருந்தாள். எழுதும்போதே தொண்டை அடைக்கிறது.

இங்கிலாந்தில் ஹெர்ஃபோர்ட்ஷயரின் வோர்மலோவில், அவர் விடுமுறைக்கு வந்துபோன உறவினர் வீட்டுத் தோட்டத்தில், 2000-ல் அவருக்கு ஒரு குட்டி அருங்காட்சியகம் திறந்தார்கள். பெரிய மண்டபத்தைவிட அந்தத் தோட்டம்தான் அவருக்குப் பொருத்தம் என்பேன். நேரில் போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் படங்களை இங்கே பகிருங்கள்.