உத்தரம் உட்காரும் இடம்

அன்புள்ள கண்ணம்மா,

உன் வீட்டு மச்சுக்கான ஹேங்கர்கள், அதாவது உத்தரத்தின் முனையை ஐ-பீம் என்னும் ‘I’ வடிவ இரும்பு விட்டத்தில் தாங்கிப் பிடிக்கும் இரும்பு ஏந்திகள், பதினான்கும் கேல்வனைஸிங் (துத்தநாகப் பூச்சு) முடிந்து பட்டறைக்கு வந்துவிட்டன. நாளை மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரி வரும் லாரியில் ஏற்றிவிடுகிறேன். மேஸ்திரியும் தச்சரும் மூட்டையைப் பிரிப்பதற்கு முன் நீ இதைப் படித்துவிட வேண்டும். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். எழுத்தில் இருந்தால் வேலை நடக்கும் இடத்தில் எடுத்துக் காட்டலாம்.

போல்ட்டுக்குப் பதிலாக ஐ-பீமின் மேல் பட்டையிலேயே வெல்டு வைத்துவிடலாமா என்று உன் ஒப்பந்தக்காரர் கேட்டதாகச் சொன்னாய். வேண்டாம். துத்தநாகப் பூச்சின் மேல் நெருப்பு வைத்தால் பூச்சும் போகும், வெல்டும் துளை விழுந்துபோகும். அந்தப் புகையை இழுத்தவனுக்கு அன்று இரவே குளிர்காய்ச்சல் வரும். பக்கத்தில் காய்ந்த தேக்கு இருக்கும்போது பொறி பறக்க விடுவதும் சரியல்ல. வெல்டிங் என்ன தேவையோ அத்தனையும் இங்கே, தரையில், என் கண்முன் முடிந்துவிட்டது. அங்கே நடக்க வேண்டியது போல்ட் முறுக்குவது மட்டும்தான். பொறியாளர் வரைந்து கொடுத்த இடங்களில் ஐ-பீமின் துளைகளை மேலே ஏற்றுவதற்கு முன்பே போட்டுவிடச் சொல்.

ஹேங்கரைக் கையில் எடுத்துப் பார். மேல் தகடும் முதுகுத் தகடும் 8 மி.மீ. கனத்தில் ஒரே தகடாக வளைத்தவை. மேல் பகுதி ஐ-பீமின் மேல் ஏறி உட்காரும். அந்த மூலையில் வெல்டே இல்லை. எடை முழுவதும் திரும்பும் இடம் அது என்பதால் அங்கே இணைப்பு வைக்க எனக்கு மனம் வரவில்லை. மரத்தைத் தாங்கும் அடியும் இரண்டு பக்கங்களும் 6 மி.மீ. தகட்டில் ‘ப’ வடிவத்தில் வளைத்தவை. அதை முதுகுத் தகட்டோடு வெளிப்பக்கமாகச் சுற்றிலும் வெல்டு செய்திருக்கிறேன். உள்பக்கம் வெல்டு வைத்தால் அந்த மேடு மரத்தின் முனையில் இடிக்கும். தச்சர் மரத்தைச் செதுக்கத் தொடங்கிவிடுவார்.

இதன் பலத்தைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். உத்தரத்தின் நீளம் 3 மீட்டர், இடைவெளி 60 செ.மீ. அப்படியானால் ஒரு முனைக்கு வரும் பரப்பு 0.9 சதுர மீட்டர். வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று இந்தியத் தரநிலை சொல்லும் பயன்பாட்டு எடையோடு, பலகை, மரம் எல்லாவற்றுக்கும் 100 கிலோ சேர்த்தாலும் ஒரு முனைக்கு 270 கிலோதான். 6 மி.மீ. வெல்டு 10 செ.மீ. நீளம் இருந்தாலே, நேராக இழுக்கும் கணக்கில், ஏறக்குறைய 4 டன் தாங்கும். இந்த எடை முதுகுத் தகட்டிலிருந்து சற்றுத் தள்ளி விழுவதால் வெல்டின் மேல்முனையைப் பிய்க்கப் பார்க்கும். பக்கத் தகடுகளை உயரமாக வைத்தது அதற்காகத்தான்.

கணக்கில் இத்தனை பலம் இருந்தும் சில இடங்களில் வெல்டு விட்டுப்போவது ஏன்? இரும்பின் மேல் கருநீலமாக ஒரு தோல் இருக்குமே, அதையும் துருவையும் எடுக்காமல் மேலே உருக்கி ஊற்றினால் பார்வைக்கு அழகான கோடு கிடைக்கும். உள்ளே பிடித்திருக்காது. ஒவ்வொரு விளிம்பையும் வெள்ளையாகத் தெரியும்வரை கிரைண்டிங் செய்த பிறகே வெல்டிங் ராடைத் தொட்டேன். 7018 என்ற வகை ராடை அடுப்பில் 300 டிகிரிக்கு மேல் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் பயன்படுத்தினேன். இவ்வளவு மெல்லிய தகட்டுக்குச் சாதாரண 6013 போதும் என்பார்கள். போதும்தான். ஆனால் அந்த மச்சுக்குக் கீழேதான் நீங்கள் படுத்துத் தூங்கப்போகிறீர்கள். வெல்டு ஆறும்போது பக்கங்களை உள்ளே இழுக்கும் என்பதால், நடுவில் கட்டை கொடுத்து இறுக்கி, இருபுறமும் மாற்றி மாற்றி வைத்தேன். வெல்டின் மேல் ஓடாகப் படியும் கசடை ஒரு துளிகூட இல்லாமல் கொத்தி எடுத்தேன். பூச்சுக்கு முன் முக்கி எடுக்கும் அமிலத் தொட்டி துருவைக் கரைக்கும், கசடைக் கரைக்காது. கசடு இருக்கும் இடத்தில் துத்தநாகம் ஒட்டாது. கோத்தகிரி மூடுபனிக்கு அந்த ஓர் இடம் போதும்.

காரைக்குடியில் நீ தேர்ந்தெடுத்த தேக்கு பழைய வீடுகளில் இருந்து வந்தது. நான்குக்கு ஆறு அங்குலம் என்று பெயரே தவிர, ஒன்று போல் இன்னொன்று இல்லை. நீ அனுப்பிய அளவுப்படி ஒவ்வொன்றுக்கும் 3 மி.மீ. மட்டும் இடம் விட்டு உள்ளகலம் வைத்திருக்கிறேன். முதுகில் எண் வெட்டியிருக்கிறேன். பெயிண்டில் எழுதினால் அது அமிலத்தில் போகாது, அந்த இடத்தில் துத்தநாகம் ஒட்டாது என்பதால் ஆழமாகவே அடித்திருக்கிறேன். மரத்தின் எண்ணும் ஹேங்கரின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வளைவில் மரம் தட்டாமல் இருக்கக் கீழ்விளிம்புகளை மட்டும் லேசாகச் சீவிக்கொள்ளட்டும்.

இனி நான் சொல்வதைத் தச்சரிடம் நீயே நின்று சொல். மரம் அடித்தகட்டின் மேல் உட்கார வேண்டும். போல்ட்டில் தொங்கக் கூடாது. பக்கத்து போல்ட் மரம் நழுவாமல் பிடிக்க மட்டும்தான். மழைக்காலத்தில் மரம் குறுக்காக உப்பும், கோடையில் சுருங்கும். போல்ட் உயரத்தில் இருந்தால், சுருங்கும்போது மரத்தின் அடிப்பகுதி தகட்டை விட்டு மேலே எழும்பிவிடும். எடை முழுவதும் போல்ட்டுக்கு வரும், மரம் நார்வழியே பிளக்கும். அதனால்தான் துளையை அடியிலிருந்து 50 மி.மீ. உயரத்தில், மேலும் கீழும் நகர இடம் விட்டு, நீள்வட்டமாக வெட்டியிருக்கிறேன். மரத்தின் முனையிலிருந்து போல்ட் 70 மி.மீ. தள்ளி வரும். "இன்னும் இரண்டு போல்ட் மேலே போடலாம், பலமாக இருக்கும்" என்று யார் சொன்னாலும் விடாதே.

மரம் உயரமாக இருந்தால் மேல்பக்கம் இழைக்கட்டும். முனையில் கீழ்ப்பக்கம் படி வெட்டவே கூடாது, அங்கிருந்துதான் விரிசல் ஓடும். உயரம் குறைந்தால் அடியில் வைக்க இரும்புத் துண்டுகள் மூட்டையில் இருக்கின்றன. ஒட்டுப்பலகைத் துண்டைச் செருக விடாதே, நசுங்கிவிடும்.

ஐ-பீமின் இரு பக்கமும் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக ஏற்றச் சொல். ஒரு பக்கம் முழுவதையும் முதலில் ஏற்றினால் ஐ-பீம் அந்தப் பக்கம் முறுக்கிக்கொள்ளும். போல்ட்டோடு நான் போட்டு அனுப்பிய நட்டையே பயன்படுத்த வேண்டும். பூச்சின் கனத்துக்கு ஏற்ப அதன் மரை பெரிதாக்கப்பட்டது. கடை நட் ஏறாது. ஏறவில்லை என்று மரையைத் தேய்த்துவிடுவார்கள்.

எல்லாம் ஏறியதும் பலகை அடிப்பதற்கு முன் ஒரு காரியம் செய், கண்ணு. ஏணியில் ஏறி, மரத்துக்கும் அடித்தகட்டுக்கும் நடுவில் ஒரு காகிதத்தைச் செருகிப் பார். எங்காவது உள்ளே போனால் அந்த எண்ணைக் குறித்து, கீழிருந்து படம் எடுத்து எனக்கு அனுப்பு. அதைச் சரி செய்யும்வரை பலகை வேலை நிற்கட்டும். ஒப்பந்தக்காரர் முகம் சுளித்தால் என் நம்பரைக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா